இலை உதிரும் காலத்தில் ஐவர் இல்லம்

(பழைய மாணவி ஒருவர், இத்தாக்காவிலிருந்து)

சென்ற ஜூலை மாதம் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது நம் பள்ளிக்கும் வந்தேன். சிஸ்டர்கள் அன்போடு விசாரித்தார்கள். பத்தாம் வகுப்புத் தங்கைகள் சிலர் சூழ்ந்துகொண்டு, “அக்கா, அங்கே மரத்து இலையெல்லாம் சிவப்பாகுமாமே, உண்மையா?” என்று கேட்டார்கள். மகளை அழைத்துப் போக வந்திருந்த ஒரு தாயாரோ, “இலை கிடக்கட்டும். ஹாஸ்டலில் இல்லாமல் வெளியே வீடு எடுத்துத் தங்குகிறாயாமே, அது எப்படியம்மா?” என்றார். இரண்டு கேள்விகளுக்கும் அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சிஸ்டர் கேட்டபோது இரண்டுக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று தோன்றியது. எப்படிப்பட்ட வீட்டில் யாரோடு வாழ்கிறோம் என்பதைப் பொறுத்தே அந்தச் சிவப்பு இலை நம் கண்ணில் படுவதும் படாமல் போவதும் இருக்கிறது. இதை நான் ஓர் ஆண்டை வீணாக்கிய பிறகே அறிந்தேன்.

இத்தாக்கா, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஒரு சிறு நகரம். நியூயார்க் என்றதும் வானளாவிய கட்டடங்களை நினைக்க வேண்டாம். அந்தப் பெருநகரம் இங்கிருந்து பேருந்தில் ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணம். காயுகா என்னும் நீண்ட ஏரியின் தென்முனையில், மலைச் சரிவுகளுக்கு நடுவே ஊர் அமைந்திருக்கிறது. மேட்டின்மேல் 1865ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கார்னெல் பல்கலைக்கழகம். வளாகத்தின் இரு பக்கமும் ஆழமான பாறைப் பிளவுகள். அவற்றினூடே ஓடைகளும் அருவிகளும். வகுப்புக்குப் போவதென்றால் பெரும்பாலும் மேடேறித்தான் போக வேண்டும். முதல் மாதம் எனக்குப் பாடத்தைவிட இந்த மேடுதான் கடினமாயிருந்தது.

மேற்பட்டப் படிப்பு மாணவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக விடுதியில் தங்குவதில்லை. ஒரு காலத்தில் ஒரு குடும்பம் வாழ்ந்த பழைய மரவீடுகளில், அறைக்கு ஒருவராகத் தங்குகிறார்கள். சமையலறை, குளியலறை, கூடம், முன்திண்ணை ஆகியவை எல்லோருக்கும் பொது. வாடகை, மின்கட்டணம், வெப்பமூட்டும் எரிவாயுக் கட்டணம் எல்லாவற்றையும் பங்கிட்டுக்கொள்வார்கள். வார்டன் கிடையாது. படிப்பு மணி, தூங்கும் மணி எதுவும் அடிக்காது. நம் பள்ளி விடுதியில் ஏழு ஆண்டுகள் மணிக்குப் பணிந்து வளர்ந்த எனக்கு இது முதலில் பெரிய விடுதலையாகத் தோன்றியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மணி இல்லாத வீட்டில் இரவுச் சாப்பாட்டை 11 மணிக்கு, அதுவும் நின்றுகொண்டே, சாப்பிடலாம் என்பதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டேன்.

பெற்றோருக்காக ஒன்றிரண்டு விவரங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவ்வகை வீடுகளில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து தங்குவதும் உண்டு, பெண்கள் மட்டும் தங்குவதும் உண்டு. எது வேண்டும் என்பதை நாமே தேர்ந்துகொள்ளலாம். வாடகை ஒப்பந்தம் இரண்டு விதம். ஒன்றில் அவரவர் அறைக்கு அவரவர் கையெழுத்து. மற்றொன்றில் எல்லோரும் ஒரே பத்திரத்தில் கையெழுத்திடுவார்கள். அப்போது ஒருத்தி வாடகை தராமல் போனால் மற்றவர்களிடமிருந்து அதைக் கேட்டு வாங்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. எனவே பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது. நியூயார்க் மாநிலத்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வீட்டைக் காலி செய்த 14 நாட்களுக்குள் கணக்குக் காட்டித் திருப்ப வேண்டும். இன்னொன்று: குளிர் நாட்டில் வீட்டுக்குள் எரிவாயு எரிந்துகொண்டே இருக்கும். கொதிகலன் பழுதானால் கார்பன் மோனாக்சைடு என்னும் மணமோ நிறமோ அற்ற நச்சுவாயு பரவும். தோழி வீட்டில் இரவு தங்கச் சென்ற 16 வயதுப் பெண் ஒருத்தி 2009இல் இப்படித் தூக்கத்திலேயே இறந்துபோனாள். அவள் பெயரால் ‘அமாண்டா சட்டம்’ என்று வழங்கும் சட்டம் 2010இல் நடைமுறைக்கு வந்தது; குடியிருக்கும் வீடுகளில் இவ்வாயுவை உணர்ந்து ஒலிக்கும் எச்சரிக்கை மணி இருக்க வேண்டும் என்கிறது அது. எந்த வீட்டுக்குக் குடி போனாலும் முதலில் பார்க்க வேண்டியது அந்த மணியைத்தான். கண்ணாடி அலமாரியையும் குளியலறையையும் பிறகு பார்க்கலாம்.

இனி இலைக்கு வருவோம்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தார்கள். அவற்றில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களைக் கொண்டது கூதிர். அந்த நாட்களில் நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். உலர்ந்து கிடந்த பூமி பச்சைப் பிடிக்கும். அதே நாட்களில்தான் இங்கே பச்சை விடைபெறுகிறது. நம் ஊரிலும் இலை உதிராமல் இல்லை. பள்ளி முற்றத்துப் புங்கமரம் மாசி, பங்குனியில் மொட்டையாவதையும், பெருக்கிப் பெருக்கி நம் கை ஓய்ந்துபோவதையும் யார் மறப்பார்கள்? தேக்கு மரமும் வறண்ட காலத்தில் இலையை உதிர்த்துவிடும். தண்ணீர் குறைவான நாளில் இலை வழியாக நீர் ஆவியாகி வீணாகாமல் இருக்க மரம் செய்யும் சிக்கனம் அது. இங்கும் காரணம் ஏறக்குறைய அதுவே. குளிர்காலத்தில் நிலம் உறைந்துபோனால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அகன்று மெலிந்த இலைகள் உறைபனியையும் தாங்கா. எனவே வருமுன் காப்போனாக மரம் இலையைக் கழித்துவிடுகிறது.

கழிப்பதற்கு முன் கணக்குப் பார்த்து எடுக்க வேண்டியதை எடுத்துக்கொள்கிறது என்பதுதான் வியப்பு. செப்டம்பரில் பகல் குறைந்துகொண்டே வரும்போது, இலையில் உள்ள தழைச்சத்தை மரம் மெல்ல மெல்லக் கிளைக்கும் தண்டுக்கும் வேருக்கும் திருப்பிக்கொள்கிறது. அப்போது பச்சையம் சிதைகிறது. பச்சையம் மறைந்ததும், கோடை முழுவதும் அதன் பின்னால் ஒளிந்திருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் நிறமியின் இனத்தைச் சேர்ந்தது அது. ஆகவே மஞ்சள் புதிதாக வந்ததன்று, முன்பே இருந்தது. சிவப்பு மட்டும் அப்படியன்று. அது இலை விழப்போகும் கடைசி நாட்களில், இலையில் தங்கிய சர்க்கரையைக்கொண்டு புதிதாக உண்டாகும் நிறமி. நாவற்பழத்தைக் கறுஞ்சிவப்பாக்கும் அதே ஆந்தோசயனின். விழப்போகும் இலைக்கு எதற்கு இவ்வளவு செலவு? சத்தை மீட்டுக்கொள்ளும் வரை கடும் வெயிலிலிருந்து இலையைக் காக்கும் குடை அது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. கடைசியில் காம்பின் அடியில் தக்கை போன்றதோர் அடுக்கு உண்டாகி வழியை அடைத்துவிடுகிறது. பிறகு ஒரு காற்று போதும்.

பகலில் நல்ல வெயிலும் இரவில் உறைந்துபோகாத அளவு குளிரும் சேர்ந்த ஆண்டில் சிவப்பு மிகுதியாக இருக்கும். இம்மாநிலத்தின் மரமாக 1956இல் அறிவிக்கப்பட்ட சர்க்கரை மேப்பிள்தான் இந்த விழாவின் அரசி. ஒரே மரத்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் இருக்கும். ஓக் மரம் தேயிலைச் சாயம் போன்ற பழுப்போடு நின்றுவிடும். இலையையும் எளிதில் விடாது. இத்தாக்காவில் அக்டோபர் நடுவில் நிறம் உச்சத்தில் இருக்கும். உச்சம் என்பது ஒன்றிரண்டு வாரம். ஒரு மழையும் காற்றும் சேர்ந்து வந்தால் அதுவும் இல்லை.

இந்த ‘ஒன்றிரண்டு வாரம்’தான் என் கதையின் முடிச்சு. முதலாண்டு நான் இருந்த வீட்டில் நான்கு பேர் இருந்தோம். குளிர்சாதனப் பெட்டியில் ஒவ்வொருவர் தட்டிலும் பெயர் ஒட்டியிருக்கும். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் புன்னகை, அவ்வளவே. அக்டோபரில் இடைத்தேர்வு வந்தது. ‘தேர்வு முடியட்டும், பிறகு அருவிப் பக்கம் போய் இலைகளைப் பார்க்கலாம்’ என்று ஒத்தி வைத்தேன். தேர்வு முடிந்த அன்று இரவு முழுதும் மழை. மறுநாள் காலை வெறும் கிளைகள்.

அதே ஐப்பசியில் ஊரில் என் பாட்டி இறந்துபோனார். என்னை வளர்த்தவர். இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. விமானம் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும். பயணச் சீட்டுக்குப் பணமும் இல்லை. இரண்டு நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. யாரும் கதவைத் தட்டவும் இல்லை. அந்த மூவரும் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்குத் தெரியாது; நான் சொல்லவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் ஒருத்தி படிக்கிறாளா அழுகிறாளா என்பது வெளியே நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

மறு ஆண்டு, வளாகத்தில் ஞாயிறு திருப்பலி முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது நைஜீரியா நாட்டு மாணவி ஒருத்தி, தங்கள் வீட்டில் ஓர் அறை காலியாகிறது என்றாள். பெண்கள் மட்டும் ஐந்து பேர். மின்னசோட்டா மாநிலத்தவள் ஒருத்தி, தைவான் நாட்டவள் ஒருத்தி, டெக்சாஸில் வளர்ந்த மெக்சிகோக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, இந்த நைஜீரியத் தோழி, நான். அங்கே குடி போனேன்.

எல்லாம் அன்பும் அமைதியுமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். செப்டம்பர் கடைசி வாரமே சண்டை வந்தது. காரணம் சுவரில் மாட்டியிருந்த சிறு பெட்டி. வீட்டின் வெப்பநிலையை அதில்தான் குறிப்பார்கள். எனக்கும் நைஜீரியத் தோழிக்கும் 72 டிகிரி வேண்டும். ஃபாரன்ஹீட் கணக்கு இது. நம் சென்டிகிரேடில் 22. மின்னசோட்டாக்காரிக்கு 62 போதும், அதாவது 17க்கும் குறைவு. “ஸ்வெட்டர் எதற்கு இருக்கிறது?” என்பாள். ஒருத்தி ஏற்றுவாள், மற்றொருத்தி இறக்குவாள். கட்டணம் ஐந்து பேர் தலையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகலில் 66 என்றும், ஜன்னல்களை அடைத்த பிறகே அதற்குமேல் பேச்சு என்றும் முடிவு செய்தோம். பழைய மரவீட்டு ஜன்னல்களில் இடுக்கு வழியாகக் காற்று வரும். மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சட்டத்தைச் சுற்றி ஒட்டி, தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினால், தாள் தம்பட்டத் தோல் போல இறுகிக்கொள்ளும். கதவடி இடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி வைக்க வேண்டும். ஒரு மாலை முழுவதும் ஐவரும் சேர்ந்து இதைச் செய்தோம். நாங்கள் ஐவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். எனக்குக் கம்பளிக் காலுறை இரண்டு சோடி கொடுத்தவள் அந்த 62 டிகிரிக்காரியே.

அக்டோபர் இரண்டாம் வாரம். எனக்கு மறுபடி தேர்வு. ஒரு பிற்பகல் கதவு தட்டப்பட்டது. “நான்கு மணிக்கு எல்லோரும் கிளம்புகிறோம். இன்று வெயில் இருக்கிறது, நாளை மழை என்கிறார்கள். உன் புத்தகம் நாளையும் இருக்கும்” என்றாள் மின்னசோட்டாக்காரி. போன வருடம் இந்த ஒரு வாக்கியத்தை யாராவது சொல்லியிருந்தால்!

வளாகத்தை ஒட்டிய கஸ்கடில்லா பள்ளத்தாக்கில் கற்படிகள் வழியே இறங்கினோம். பனி உறையத் தொடங்கியதும் அப்பாதையை வசந்தம் வரை அடைத்துவிடுவார்கள். படிப்படியாக அருவிகள், இரு புறமும் அடுக்கடுக்கான கரும்பாறை, மேலே மேப்பிள் கிளைகள். வெயில் இலையின் மேல் படும்போது அழகு. இலைக்குப் பின்னாலிருந்து வரும்போதுதான் பேரழகு. நம் கோயில் வண்ணக் கண்ணாடியைக் காலைப் பூசை நேரத்தில் உள்ளேயிருந்து பார்த்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மறு சனிக்கிழமை பேருந்தும் நடையுமாக டௌகானக் அருவிக்குப் போனோம். 215 அடி; ஒரே வீழ்ச்சியாக விழுவது. நயாகராவைவிட 33 அடி உயரம் அதிகம் என்பார்கள். ஆனால் நயாகராவின் வெள்ளப் பெருக்கு இதற்குக் கிடையாது. மழை குறைந்த ஆண்டில் மெல்லிய வெள்ளிச் சரிகைதான். இதற்கெல்லாம் காசு அதிகம் ஆகவில்லை. உதவித்தொகையில் வாழும் மாணவிக்கு அதுவும் ஒரு பெரிய இன்பமே.

இலைக்கு அடுத்தது ஆப்பிள். அமெரிக்க மாநிலங்களில் வாஷிங்டனுக்கு அடுத்தபடி ஆப்பிள் அதிகம் விளைவது நியூயார்க்கில். நம் ஊர்க் கடையில் மெழுகு பூசி வரும் ஆப்பிளை மட்டும் தின்றவர்களுக்கு ஆப்பிளில் இத்தனை சாதி இருப்பது தெரியாது. கார்ட்லண்டு, எம்பயர், ஜோனகோல்டு ஆகியவை கார்னெலைச் சேர்ந்த ஜெனிவா ஆய்வு நிலையத்தில் உருவாக்கப்பட்ட வகைகள். எம்பயர் 1966இல் வெளியானது. தோப்புகளில் பையை வாங்கிக்கொண்டு நாமே பறித்துக்கொள்ளலாம். ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு மூட்டை சரியான அளவு. தனியாக இருப்பவள் அதை வாங்கினால் பாதி அழுகிவிடும். புளிப்பான பச்சை ஆப்பிளைத் துருவி, வெந்தயமும் பெருங்காயமும் போட்டு மாங்காய்த் தொக்கு முறையில் கிளறினேன். தைவான் தோழி அதைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, இன்று வரை அதற்கு என்னை நச்சரிக்கிறாள். இங்கே ‘சைடர்’ என்று ஒன்று குடிப்பார்கள். சிஸ்டர்கள் கவலைப்பட வேண்டாம். இங்கிலாந்தில்தான் அது மது. அமெரிக்காவில் அப்பெயரால் பெரும்பாலும் வடிகட்டாத ஆப்பிள் சாற்றையே குறிப்பார்கள். இலவங்கப் பட்டை போட்டுச் சூடாக்கினால் வீடே மணக்கும்.

அக்டோபர் 31 ‘ஹாலோவீன்’. பேய் வேடம் போட்டு மிட்டாய் வாங்கும் நாள் என்றே பலரும் அறிவார்கள். பெயரைப் பிரித்துப் பார்த்தால் அது நம் திருநாள்தான்: நவம்பர் 1 அனைத்துப் புனிதர் பெருவிழாவுக்கு முந்திய மாலை என்பதே அதன் பொருள். பூசணியைக் குடைந்து முகம் வெட்டி உள்ளே விளக்கு வைப்பது அயர்லாந்துக்காரர் கொண்டுவந்த வழக்கம். அவர்கள் ஊரில் அதை டர்னிப் கிழங்கில் செய்தார்களாம். பூசணியோ அமெரிக்க மண்ணின் பயிர். ‘பறங்கிக்காய்’ என்ற நம் பெயரே அது கடல் கடந்து வந்ததைச் சொல்கிறதல்லவா? கார்னெல் மாணவர்கள் பூசணி விஷயத்தில் ஒரு சாதனையே செய்திருக்கிறார்கள். 1997ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் காலை, 173 அடி உயர மணிக்கூண்டின் கூர்நுனியில் ஒரு பெரிய பூசணிக்காய் செருகியிருந்தது! இரவோடு இரவாக யார் ஏறினார்கள், எப்படி ஏறினார்கள் என்று ஊரே கேட்டது. மறு ஆண்டு மார்ச் மாதம்தான் அதை இறக்கினார்கள். (தங்கைகளே, நம் பள்ளி மணிக்கூண்டைப் பார்க்க வேண்டாம். சிஸ்டர் இதைப் படிப்பார்.)

நவம்பர் 2 வந்தது. நமக்குக் கல்லறைத் திருநாள். ஊரில் என்றால் கல்லறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, பூவும் மெழுகுவத்தியும் வைத்து, குருவானவர் மந்திரித்துச் செல்லும் வரை குடும்பமே நிற்போம். இங்கே நான் எந்தக் கல்லறைக்குப் போவேன்? அன்று மாலை வீடு திரும்பியபோது, டெக்சாஸ் தோழி கூடத்து மேசைமேல் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தாள். மெக்சிகோ நாட்டு வழக்கப்படி இறந்தவர்களின் படங்களை வைத்து, அவர்கள் விரும்பிய உணவையும் மலர்களையும் வைப்பார்களாம். மலர் என்ன தெரியுமா? நம் செண்டுமல்லி! அதன் தாயகமே மெக்சிகோதான்; அங்கிருந்துதான் உலகெங்கும் பரவி, நம் ஊர் மாலைகளிலும் கோத்து ஏறியது. கண்ணை மூடினால் ஊர்க் கல்லறையின் மணம். “உன் வீட்டில் யாராவது...?” என்று கேட்டாள். ஓராண்டாக யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னேன்.

நூலகத்துக்கு ஓடிப்போய்ப் பாட்டியின் படத்தை அச்சிட்டு வந்தேன். சுக்குக் காப்பி போட்டு ஒரு டம்ளரில் வைத்தேன். வாடகை ஒப்பந்தத்தில் மெழுகுவத்தி கூடாது என்று இருந்ததால் மின்கலத்தில் எரியும் சிறு விளக்குகளைத்தான் ஏற்ற முடிந்தது. நைஜீரியத் தோழி செபமாலை தொடங்கினாள். தைவான் தோழி கிறிஸ்தவள் அல்லள்; தங்கள் ஊரில் முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்யும் நாள் ஏப்ரலில் வரும் என்று சொல்லி, தன் தாத்தாவுக்கென்று இரண்டு கமலா ஆரஞ்சுகளைக் கொண்டுவந்து வைத்தாள். மின்னசோட்டாக்காரி ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து எழுந்து போய், சுவர்ப் பெட்டியில் 70 வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளுவார்கள். நேற்றுவரை ஆறு மணிக்கு மறைந்த சூரியன் அன்று ஐந்து மணிக்கே மறையும். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் இருட்டு. இலைகளும் போய்விட்டன. இந்த நாட்களில் காரணமில்லாமல் சிலருக்கு மனம் சோர்ந்துபோகும், தூக்கம் மிகும், யாரையும் பார்க்கப் பிடிக்காது. இது சோம்பல் அன்று. வெளிச்சக் குறைவோடு தொடர்புடைய ஒருவகை மனச்சோர்வு என்று 1984இல் நார்மன் ரோசந்தால் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் விளக்கி எழுதினார்கள். காலை வெளிச்சத்தில் நடப்பதும், அதற்கென உள்ள பிரகாசமான விளக்கின் முன் அமர்வதும் உதவும். மிகுந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வெளிநாடு செல்லும் பெண்பிள்ளைகளிடம் ‘ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டாயா?’ என்று பத்து முறை கேட்கும் பெற்றோர் இதையும் ஒரு முறை சொல்லி அனுப்புவது நல்லது. எங்கள் வீட்டில் ஞாயிறு இரவுச் சாப்பாடு ஐவருக்கும் ஒன்றாக என்று வைத்துக்கொண்டோம். சமையல் முறை வைத்து. யாராவது வரவில்லை என்றால் கதவைத் தட்ட வேண்டும்; அதுவும் முறை வைத்தே. ‘என்னைத் தொந்தரவு செய்யாதே’ என்று உள்ளிருந்து குரல் வந்தால் சாப்பாட்டைத் தட்டில் வைத்து வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவோம். வற்புறுத்துவதில்லை.

உதிர்ந்த இலை அழகாகக் கிடக்கிறதே என்று விட்டுவிட முடியாது. நனைந்த இலை சரிவான நடைபாதையில் சோப்பைப் போல வழுக்கும். வாரி, பழுப்புக் காகிதப் பைகளில் கட்டி வாசலில் வைத்தால் நகராட்சி வண்டி எடுத்துப் போகும். புங்க இலை பெருக்கிய அனுபவம் எனக்குக் கைகொடுத்தது. ஆனால் இங்கே துடைப்பம் உதவாது. விசிறி போல் விரிந்த நீண்ட பல்வாரி வேண்டும். மின்னசோட்டாக்காரி தன் காசில் ஒன்று வாங்கி வந்தாள். இருபது பை நிரம்பியது.

நவம்பர் நான்காம் வியாழன் நன்றியறிதல் நாள். உள்நாட்டு மாணவர்கள் வீட்டுக்குப் போய்விட, தெரு வெறிச்சோடிவிடும். அந்த ஆண்டு வீட்டில் தங்கியவர்கள் மூவர். வான்கோழி எங்களுக்குப் பெரிது. கோழி போதும் என்றோம். நைஜீரியத் தோழியின் ஜொலோஃப் சோறும் என் பறங்கிக்காய்க் கூட்டும் ஒன்றுக்கொன்று நன்றாகவே பொருந்தின.

இந்த ஊரில் மாணவர் வீடுகளுக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் பெரும்பாலும் இலையுதிர் காலத்திலேயே முடிவாகிவிடும். இன்னாரோடு இன்னும் ஓராண்டு வாழ முடியுமா என்று, பழகி மூன்று மாதம் ஆவதற்குள் சொல்லியாக வேண்டும். சென்ற முறை நால்வர் கையெழுத்திட்டோம். மின்னசோட்டாக்காரி பட்டம் முடித்துப் போய்விட்டாள். அவள் அறைக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். கேரளத்துப் பெண், குளிருக்குப் புதியவள், கதவை மூடியே வைத்திருக்கிறாள். பல்வாரி திண்ணை மூலையில் சாத்தியிருக்கிறது. இந்த வாரம் கதவு தட்டும் முறை என்னுடையது.